நம் பிள்ளைகளின் இரவுக் குரல்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும்போது, மறுநாள் செய்தித்தாளை நாம் சற்று அச்சத்தோடுதான் பிரிக்கிறோம். தேர்ச்சி விழுக்காடு முதல் பக்கத்தில் இருக்கும். உள்பக்கத்தில், மாவட்டச் செய்திகளுக்கு நடுவே, நான்கு வரியில் ஒரு மாணவனின் மரணச் செய்தி இருந்துவிடக் கூடாதே என்பதுதான் அந்த அச்சம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவ மாணவியர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டனர். அவர்களில் 1,416 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. தேர்வுத் தோல்வி இதற்கு ஒரு காரணம் மட்டுமே. வீட்டுச் சண்டை, காதல், அவமானம், உடல்நலக் குறைவு, யாரிடமும் சொல்ல முடியாத கொடுமை எனப் பலவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இந்த எண்களை நாம் பெரும்பாலும் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் உரியவையாக நினைத்துக்கொள்கிறோம். முல்லைப் பெரியாறு பாய்கிற, நெல்லும் திராட்சையும் தென்னையும் விளைகிற நம் கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகள் தனிமையில் வாடுகிறார்கள் என்றால் யாரும் எளிதில் நம்புவதில்லை. சொந்தபந்தம் தெருவுக்குத் தெரு இருக்கிறதே, இங்கே ஏது தனிமை என்று கேட்கிறோம்.

விடிவதற்கு முன் கம்பத்திலோ, கூடலூரிலோ, தேவாரத்திலோ, போடியிலோ நின்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. அவற்றில் போகிறவர்களில் மிகப் பலர் தாய்மார்கள். பிள்ளை எழும்புவதற்கு முன் புறப்பட்டு, இருட்டும் நேரத்தில் திரும்பி, உலை வைத்து, சோறாக்கிப் போட்டுவிட்டுப் படுத்தால் அசதியில் உடனே கண் அயர்ந்துவிடும். வாரக்கணக்கில் தோட்டத்து லயங்களிலேயே தங்கி வேலை செய்யும் பெற்றோரும் உண்டு. பிள்ளைகள் இங்கே அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ வளர்கிறார்கள். அப்பா திருப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார். இது யாருடைய குற்றமும் அல்ல. கூலி அங்கே இருக்கிறது, ஆகவே போகிறார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன், அல்லது பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண், ஒரு நாள் முழுக்கப் பெரியவர் எவரிடமும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசாமலே படுக்கப் போவது இங்கே அரிய காரியம் அல்ல.

இந்த வீடுகளுக்குள் கைப்பேசி நுழைந்தது பெரும்பாலும் 2020க்குப் பிறகுதான். அந்த ஆண்டு மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையவழி வகுப்புக்காகக் கடன் வாங்கியாவது ஒரு போனை வாங்கிக் கொடுத்தார்கள். 2021 செப்டம்பர், நவம்பர் மாதங்களில் வகுப்புகள் படிப்படியாகத் திறந்தன. போன் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்று இரவு பதினொரு மணிக்கு அந்த வீட்டில் எரிகிற ஒரே வெளிச்சம் அதன் திரைதான்.

இதற்கு நாம் இதுவரை தந்திருக்கும் பதில் என்ன? பெரும்பாலும் பறிமுதல்தான். மறையுரைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் கைப்பேசியைப் பற்றி நாம் பேசியதெல்லாம் எச்சரிக்கையாகவே இருந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் மதுரை அருகே ஒரு கல்லூரி மாணவர் இறந்தபோது, 'நீலத் திமிங்கிலம்' என்ற இணைய விளையாட்டே காரணம் என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. பள்ளிதோறும் எச்சரிக்கைச் சுற்றறிக்கைகள் போயின. அடுத்த சனவரியில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில், நாட்டில் சந்தேகிக்கப்பட்ட இறப்புகள் எதிலும் அந்த விளையாட்டின் பங்கு உறுதிப்படவில்லை என்று தெரிவித்தது. அந்தச் செய்தி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று தெரியவில்லை. மிகச் சிலரையே எட்டியிருக்கும். திமிங்கிலத்தைத் தேடிய அவசரத்தில், நம் பையன்கள் எதற்காக விடிய விடிய விழித்திருக்கிறார்கள் என்ற கேள்வியைக் கேட்க மறந்துபோனோம்.

இணையத்தில் ஆபத்து இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சூதாட்டமும் மிரட்டலும் ஆபாசமும் அங்கே நிறையவே இருக்கின்றன. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2009ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், எந்நேரமும் இணைப்பில் இருக்க வேண்டும் என்ற ஏக்கம் மனிதரை உண்மையான உறவுகளிலிருந்து பிரித்துவிடக் கூடும் என்று எச்சரித்தார். அதே செய்தியில், இந்தப் புதிய கருவிகள் நட்பை வளர்க்க வல்லவை என்றும் எழுதினார். நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

தொலைவிலிருந்து ஒருவரின் துயரத்தைக் கேட்பது நேற்றுத் தோன்றிய வேலை அல்ல. 1935ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சாட் வாரா என்னும் இளம் ஆங்கிலிக்கன் குரு, 14 வயதுச் சிறுமி ஒருத்தியை அடக்கம் செய்ய நேர்ந்தது. அவள் பூப்பெய்தியிருந்தாள். அது ஏதோ வெளியில் சொல்லக் கூடாத நோய் என்று எண்ணி, கேட்பதற்கு யாரும் இல்லாமல், உயிரை விட்டுவிட்டாள். அந்த அடக்கம் அவர் மனதை விட்டு அகலவேயில்லை. 1953ஆம் ஆண்டு இலண்டனில் தம் கோவிலில் ஒரு தொலைபேசியை வைத்து, சாக விரும்புகிறவர்கள் என்னை அழையுங்கள் என்று அறிவித்தார். பத்திரிகைகள் அதற்கு நல்ல சமாரியர் உவமையின் பெயரைச் சூட்டின. வந்தவர்கள் அவரைப் பார்க்கக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாகச் சில தன்னார்வலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நாளில் ஓர் உண்மை தெரியவந்தது. தேநீர் கொடுத்தவர்களிடம் மனம் விட்டுப் பேசிய பலருக்கு, குருவைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று! படித்த ஆலோசகர்கள் அல்லர் அந்தத் தன்னார்வலர்கள். குறுக்கே பேசாமல் கேட்டார்கள், அவ்வளவுதான். அந்த அமைப்பு 1994ஆம் ஆண்டிலேயே மின்னஞ்சல் வழியாகவும் கேட்கத் தொடங்கிவிட்டது.

நம் மாநிலத்தில் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986ஆம் ஆண்டு சென்னையில் 'ஸ்நேகா' அமைப்பைத் தொடங்கினார். அங்கும் தன்னார்வலர்கள்தாம் கேட்கிறார்கள், தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும். தோல்வியடைந்த மாணவர் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களில் துணைத் தேர்வு எழுத வழி வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவர்களும் உண்டு. இன்று நம் பிள்ளைகள் சாதாரணமாக எழுதும் அந்தத் துணைத் தேர்வு எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. 2017இல் தமிழக அரசு மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தையும் கைவிட்டது. நம் பங்குகளில் இன்னும் பதாகை அச்சிடுகிறோம் என்பது வேறு கதை.

2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு 'டெலி மானஸ்' சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். 2024 அக்டோபரில் இதற்குச் செயலியும் வந்தது. முகம் பார்த்து மருத்துவரிடம் பேசும் வசதி முதலில் தொடங்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இவற்றையெல்லாம் விட நம் மனதைத் தொட்டது, அதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஒரு காரியம். 2021 செப்டம்பரில் நீட் தேர்வு முடிந்ததும், அதை எழுதிய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நம் மாநில மாணவரை 104 சேவையிலிருந்து அரசே அழைத்துப் பேச ஏற்பாடு செய்தது. துயரத்தில் இருக்கும் பிள்ளை போன் செய்யட்டும் என்று காத்திருக்கவில்லை. காணாமல்போன ஆட்டைத் தேடிப் போன ஆயரின் கதையை ஆண்டுதோறும் வாசிக்கிற நமக்கு இதன் பொருள் விளங்காமல் இராது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகள் ஓர் அறை, அல்லது ஓர் அறையும் ஒரு திண்ணையும். தாத்தா இருமுகிறார், தங்கை அருகில் படுத்திருக்கிறாள். அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை 14416ஐ அழைத்து, எனக்கு வாழப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? தெருவுக்கே கேட்கும். எழுத்துக்கு ஓசை இல்லை. போர்வைக்குள் இருந்துகொண்டு நான்கு சொற்களைத் தட்டி அனுப்பிவிடலாம். பெரியவர்களுக்குக் குறுஞ்செய்தி ஏதோ குறைபட்ட பேச்சாகத் தோன்றுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு மறைவாகப் பேச அதுவே வழியாக இருக்கிறது.

அப்படி வரும் செய்தியும் நாம் எதிர்பார்க்கிற வடிவில் வராது. 'தூக்கம் வரல அக்கா' என்று வரும். 'ஒண்ணுமில்ல, சும்மாதான்' என்று வரும். வாட்ஸ்அப்பில் முகப்புப் படம் திடீரென்று கறுப்பாகும். எப்போதும் பதில் போடுகிற பையன் ஒரு வாரம் மௌனமாக இருப்பான். நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களுக்குக் குறைவில்லை. காலையில் இறைவார்த்தை, மாலையில் செபமாலைப் படம், நடுவில் இறப்புச் செய்தி, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் வருகின்றன. அவற்றில் பலவற்றில் நிர்வாகி மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்று பூட்டி வைத்திருக்கிறோம். ஒழுங்குக்காகத்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது வாய் மட்டும் உள்ள, காது இல்லாத ஓர் உருவம். திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டுச் செய்தியின் தலைப்பாகவே இதயத்தின் காதால் கேட்பதைத் தேர்ந்துகொண்டார். அந்தச் செய்தியையும் நாம் குழுக்களில் அனுப்பி வைத்தோம்!

கேட்க மனிதர் இல்லாத இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்போது பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மனம் திறக்கிறார்கள். அது சலிப்பதில்லை, திட்டுவதில்லை, நடு இரவிலும் பதில் தருகிறது. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், 14 வயது மகனை இழந்த ஒரு தாய் 'கேரக்டர் ஏஐ' நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். மாதக்கணக்கில் தன் மகன் ஒரு கற்பனைப் பாத்திரத்தோடு உரையாடி அதிலேயே மூழ்கிப்போனான் என்பது அவர் முறையீடு. 2025 நவம்பரில் அந்நிறுவனம் 18 வயதுக்குக் குறைந்தோருக்குக் கட்டற்ற உரையாடல் வசதியை நிறுத்தியது. 2026ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை பதினான்காம் லியோ மனிதக் குரல்களையும் முகங்களையும் காப்பதைக் கருப்பொருளாகக் கொடுத்திருப்பது தற்செயல் அல்ல. இயந்திரத்தைக் கண்டிப்பது நமக்கு எளிது. அந்தப் பிள்ளை அதனிடம் போனது எதனால் என்று கேட்டால்தான் பேச்சு நம் வாசலுக்கு வருகிறது.

அப்படியானால் ஒவ்வொரு பங்கிலும் சிலர் இரவில் பிள்ளைகளோடு வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்கிவிடலாமா? கூடாது. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயதுவந்த ஒருவர், அவர் குருவாக இருந்தாலும் அருள்சகோதரியாக இருந்தாலும் மறைக்கல்வி ஆசிரியராக இருந்தாலும், ஒரு சிறுவனோடோ சிறுமியோடோ எவருக்கும் தெரியாமல் நள்ளிரவில் தனியே செய்தி பரிமாறுவது தன்னிலேயே ஆபத்தானது. பிள்ளைகளைச் சீரழித்தவர்களும் இதே கனிவோடுதான் பேச்சைத் தொடங்கியிருக்கிறார்கள். உலகெங்கும் திருஅவை இந்தக் காயத்தைச் சுமந்து நிற்கிறது. ஆகவே பெற்றோருக்குத் தெரிந்து, பங்குப் பேரவைக்குத் தெரிந்து, பங்கின் பெயரில் இயங்கும் ஒரே எண், அதைக் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பது, செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பது, தனிப்பட்ட எண்களிலிருந்து எவரும் பேசாமலிருப்பது என்ற கட்டுப்பாடுகள் முதல் நாளே வேண்டும். பிள்ளைக்கும் முதல் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும்: 'நீ சொல்றதை ஊருக்குச் சொல்ல மாட்டோம்ப்பா, ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா, யாராவது உன்னைத் தொந்தரவு பண்றாங்கன்னா, உதவி செய்யறவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்.' பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். ஒப்புரவு அருளடையாளத்தின் இரகசியம் வேறு, வாட்ஸ்அப் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கேட்கிறவர் மருத்துவராகவும் முயலக் கூடாது. அவர் வேலை கேட்பது, பிறகு கைப்பிடித்துச் சரியான வாசலில் விடுவது. மாவட்ட மனநலத் திட்டம் நம் மாவட்டத்திலும் இருக்கிறது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூடலூரிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் கூலி போகும் என்பதும் உண்மை. துணைக்கு ஒருவர் வந்தால், பேருந்துச் செலவுக்கு வின்சென்ட் தே பவுல் சபை கைகொடுத்தால், போவார்கள். 14416ஐத் தன் கைப்பேசியிலிருந்து அழைத்து, ஒலிபெருக்கியில் போடாமல் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, கோவில் வளாகத்து வேப்பமர நிழலில் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்பதும் ஒரு பணிதான். (14417 என்பது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். இரண்டும் அடுத்தடுத்த எண்கள் என்பதால் அறிவிப்புப் பலகையில் எழுதும்போது கவனம் வேண்டும்.)

நம் குடும்பங்கள் உதவி கேட்கத் தயங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. காவல்துறை வழக்குப் போடும் என்ற பயம் ஒன்று. 2018 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மற்றது திருஅவையைப் பற்றிய பயம். தற்கொலை செய்தவருக்குக் கோவிலில் அடக்கத் திருப்பலி கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று நம் பாட்டிமார் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது. 1917ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தில் அப்படி இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடும் மனக்கலக்கமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைத்துவிடக் கூடும் என்றும், அவர்களுக்காகத் திருஅவை செபிக்கிறது என்றும் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் (2282, 2283) கற்பிக்கிறது. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பழமையான கத்தோலிக்க ஊர்களில்கூட இது பலருக்குத் தெரியாது. மறையுரை மேடையிலிருந்து ஒருமுறை தெளிவாகச் சொல்லப்பட்டால், பிள்ளை கையில் கீறிக்கொண்டதை மறைத்து வைத்திருக்கும் ஒரு தாய் வாய் திறக்கக் கூடும்.

இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடியதை அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வானதூதர் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. நம்பிக்கை குறைந்துவிட்டதே என்று கடியவும் இல்லை. தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்தார். தூங்க விட்டார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். ஆண்டவரின் கேள்வி அதற்கெல்லாம் பிறகு, மலைக்குப் போனபின்தான் வருகிறது. நம்மில் பலர் கேள்வியிலிருந்து தொடங்குகிறோம். 'சாப்பிட்டியா தம்பி?' என்ற ஒரு வரிச் செய்திக்கு, நீளமான ஒலிப்பதிவு அறிவுரைக்கு இல்லாத வலிமை உண்டு.

ஏலத்துக்கும் திராட்சைக்கும் அடிக்கிற மருந்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். எந்தத் துயரமும் கொஞ்ச நேரத்தில் சற்றே தணியும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் மருந்து இருக்கக் கூடாது. ஸ்நேகா அமைப்பினர் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், விவசாயிகளின் மருந்துகளை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டிய பெட்டகங்களில் வைத்துப் பார்த்தார்கள். இலங்கையில் கொடிய நச்சு மருந்துகளைத் தடைசெய்தபின் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. இணையத்தில் எவ்வளவு ஆறுதல் சொன்னாலும், கட்டிலுக்கு அடியில் அந்தப் புட்டி இருக்கிற வரை அது போதாது. அன்பியக் கூட்டம் வீடு வீடாகத்தான் நடக்கிறது. மருந்து எங்கே இருக்கிறது, பூட்டுச் சாவி யாரிடம் என்று கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இன்னொரு பக்கம், சொந்தமாகப் போன் இல்லாத பெண்பிள்ளைகள். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் அல்லது அண்ணனின் போன். அவள் அனுப்பும் செய்தியை அண்ணன் படிப்பான். இந்த முயற்சி முழுவதும் அவளை எட்டாமலே போய்விடலாம். அவளுக்கு ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குப் பின் அருள்சகோதரியோடு பத்து நிமிடம்தான் வழி. அதையும் இந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். மேகமலை போன்ற இடங்களில் சிக்னல் கிடைக்காத குடும்பங்களுக்கும் அப்படியே; திருப்பலிக்கு வருகிற நாளில் ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த மே மாதத்துக்குள் நம் பங்குகள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதும் பிள்ளைகளின் பட்டியலை அன்பியம் வாரியாக எடுப்பது. ஒரு சின்னப் பங்கில் இருபது முப்பது பேர் இருப்பார்கள். முடிவு வருவதற்கு முந்தின நாள் மாலை, பங்கின் எண்ணிலிருந்து ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு செய்தி. குழுச் செய்தி அல்ல. முடிவு வந்த அன்று இரவு இன்னொன்று. மறுமொழி வராத வீட்டுக்கு மறுநாள் காலையில், ஜீப் புறப்படுவதற்கு முன் அம்மா வீட்டில் இருக்கும்போதே, அந்த அன்பியத்தைச் சேர்ந்த இரண்டு பேர் போய்க் கதவைத் தட்டுவது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் செவிலியர்களும் எல்லாப் பங்குகளிலும் இருக்கிறார்கள். எப்படிக் கேட்பது என்று பயிற்சி கொடுக்க மனநலத் திட்டத்தின் அலுவலர்களைக் கேட்டுப் பார்க்கலாம். பங்குப் பதிவேட்டில் பிள்ளைகளின் திருமுழுக்கு நாள், முதல் நற்கருணை நாள், உறுதிப்பூசுதல் நாள் எல்லாம் இருக்கின்றன. அவர்களை எந்த எண்ணில், எந்த நேரத்தில் பிடிக்கலாம் என்பதை இனிமேல்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.